கொழும்பில் ஒரு ஹீட்டர்

போன கிழமை வெள்ளவத்தைச் சந்தைக்கு முன்னால், பெருந்தெருவான காலி வீதியின் நடுவே, ஒரு கார் கொதித்துப்போய் நின்றது. பொனற்றைத் திறந்து வைத்துவிட்டு ஓர் இளைஞன் ஆவிக்குள் நின்றான். பின்னால் நின்ற பஸ்கள் எல்லாம் ஒரே குரலில் அவனுடைய பிறப்பைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தன. நான் தயிர் வாங்கப் போனவன். ஆனால் கொதித்த துருத்தண்ணீரும் சூடேறிய ரப்பரும் கலந்த அந்த வாசனை மூக்கில் ஏறிவிட்டால் என் கால்கள் என் சொல்லைக் கேட்பதில்லை. கிட்டப்போய்த் தலையை நீட்டி, யாரும் கேளாத புத்திமதியைச் சொன்னேன்.

"தம்பி, ஆறினாப் பிறகு தண்ணி விட்டு ஸ்டார்ட் பண்ணிப்போட்டு, ஹீட்டரைப் போடும். ஃபுல்லாப் போடும்."

அவன் என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தான். "இந்த வெயிலுக்கு ஹீட்டரோ? அங்கிள், காலமையே ஏத்திட்டீங்களோ?"

ஒரு சொட்டும் ஏற்றவில்லை. ஹீட்டர் என்பது காருக்குள் இருக்கும் ஒரு குட்டி ரேடியேற்றர். இஞ்சினின் சூட்டைக் கொஞ்சம் எடுத்து வந்து உங்கள் முழங்காலில் ஊற்றும். முழங்கால் வேகும், இஞ்சின் பிழைக்கும். இவ்வளவுதான் விஷயம். இதை அவனுக்கு விளக்குவதற்குள் ஒரு பொலிஸ்காரர் வந்து எங்கள் இருவரையும் சேர்த்து ஏசினார். தயிர் வாங்காமலே வீட்டுக்குத் திரும்பினேன். வழி முழுக்க அந்த வாசனை கூட வந்தது. அதோடு அப்பாவும் வந்தார்.

அப்பாவிடம் ஒரு பழைய இங்கிலீசுக் கார் இருந்தது. என்ன கார் என்று சொல்லமாட்டேன். சொன்னால் அந்தக் காரை வைத்திருக்கும் கனவான்கள் எல்லாரும் தொலைபேசி எடுத்து, எந்த வருடத்து மொடல், பிறேக் எந்தப் பக்கத்தால் கசியும் என்று கதைக்கத் தொடங்கிவிடுவார்கள். எங்களுடையது எல்லாப் பக்கத்தாலும் கசிந்தது. அப்பா அரசாங்க உத்தியோகத்தில் பண்டாரவளையில் இருந்தபோது, ஊருக்குத் திரும்பிப்போன ஒரு தோட்டத்துரையிடம் வாங்கியது. துரை குளிருக்குப் பயந்தவர். டாஷ்போர்டுக்குக் கீழே ஹீட்டர் பூட்டி வைத்திருந்தார். சாப்பாட்டுப் பெட்டியளவில் ஓர் இரும்புப் பெட்டி. உள்ளே ஒரு சின்ன விசிறி, விசிறிக்கு இரண்டு வயர். பண்டாரவளைக் குளிரில் அது ஒரு சொர்க்கம் என்று அம்மா சொல்வார்.

அப்பா கொழும்புக்கு மாற்றலாகி வெள்ளவத்தையில் வீடு எடுத்ததும் சொர்க்கம் நரகமாகியது. ஹீட்டருக்குத் தண்ணீர் போகும் குழாயில் ஒரு திருகு இருந்தது. அது திறந்தபடியே துருப்பிடித்து இறுகிவிட்டது. விசிறியை நிறுத்தினாலும் பெட்டி அடுப்பு மாதிரிக் கொதிக்கும். அம்மா காரில் ஏறுவதை நிறுத்தினார். அதனால் அப்பா காரைக் கொட்டாஞ்சேனைக்குக் கொண்டுபோனார்.

கொட்டாஞ்சேனையில் ஓர் ஒழுங்கைக்குள் தகரக் கொட்டகை போட்டு வேலை செய்தவர் சலீம் நானா. அவருடைய வேலை எப்போதும் முக்கால்வாசி சரியாக இருக்கும். மிச்சக் கால்வாசிக்காக நாங்கள் அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் போவோம். போனால் பிளேன்டீ கிடைக்கும், வானொலியில் கிரிக்கெட் கேட்கலாம் என்பதால் அப்பாவுக்கு அதில் மனக்குறை இல்லை. நானா ஹீட்டருக்குப் போகும் ஹோஸையும் திரும்பி வரும் ஹோஸையும் கழற்றினார். இஞ்சின் பக்கத்தில் இருந்த இரண்டு வாய்களையும் ஒரே ஒரு வளைந்த ஹோஸால் இணைத்தார். தண்ணீர் இனிப் பெட்டிப் பக்கம் போகாமல் அங்கேயே திரும்பிக்கொள்ளும். பெட்டியின் குழாய்களுக்குப் பழந்துணி அடைத்துக் கம்பியால் கட்டினார்.

"பெட்டியயும் கழட்டிப் போடவா சேர்? ரெண்டு நட்டுதான்."

"காரோட வந்தது, நானா. அது அதின்ர பாட்டில கிடக்கட்டும்."

அது அதன் பாட்டில் கிடந்தது. நான் வளர்ந்து, படித்து, கொள்ளுப்பிட்டியில் ஒரு விளம்பரக் கம்பனியில் சவர்க்காரத்துக்குத் தமிழில் வாசகம் எழுதும் வேலைக்குச் சேரும்வரை எவர் கண்ணிலும் படாமல் கிடந்தது.

அது யுத்த காலம், கொழும்பு முழுவதும் சோதனைச் சாவடிகள். பஸ்ஸில் போகும் தமிழ்ப் பொடியன்களை இறக்கி, பஸ்ஸை அனுப்பிவிட்டு, ஆறுதலாக விசாரிப்பார்கள். என் அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம். அம்மா தலைப்பிள்ளைப் பேற்றுக்குத் தாய்வீடு போனதற்கான தண்டனையை நான் ஒவ்வொரு சாவடியிலும் அனுபவித்தேன். ஆகவே ஓய்வுபெற்றிருந்த அப்பா தினமும் காலையில் என்னைக் காரில் கொண்டுபோய் விடுவது என்று முடிவெடுத்தார். நரைத்த தலை, அரசாங்கச் சிங்களம், பழைய கார். இந்த மூன்றையும் பார்த்தால் எவரும் மரியாதையாக வழிவிடுவார்கள் என்பது அவருடைய கணக்கு.

வெள்ளவத்தைப் பாலத்தடிச் சாவடியில் ஒரு கோப்ரல் குனிந்து டாஷ்போர்டுக்குக் கீழே பார்த்தார். துணி அடைத்துக் கம்பியால் கட்டிய இரும்புப் பெட்டி. அதிலிருந்து இரண்டு வயர்.

"மே மொகத்த?" இது என்ன என்று கேட்டபோதே அவர் இரண்டடி பின்னால் போயிருந்தார்.

"ஹீட்டர்," என்றார் அப்பா.

"கொளம்பட்ட ஹீட்டர்த?"

கொழும்புக்கு ஹீட்டரா? நியாயமான கேள்விதான். உண்மை சில நேரங்களில் மிக மட்டமாக எழுதப்பட்ட பொய்யைப்போல இருக்கும். எங்களை இறக்கி மணல் மூட்டைக்குப் பக்கத்தில் இருத்தினார்கள். யாரோ ஒரு மேலதிகாரி வந்து, நீண்ட தடியால் பெட்டியைத் தட்டிப் பார்த்து, ஒன்றுமில்லை என்று சொன்னபோது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது.

நான் அப்போது நிரந்தரமாகாமல் தகுதிகாண் காலத்தில்தான் வேலையில் இருந்தேன். மனேஜர் மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுக் கேட்டார். "ஏன் பிந்தினது?"

"ஹீட்டர், சேர். கார் ஹீட்டர்."

"உமக்கு இங்க எழுதுற வேலைதானே தந்திருக்கிறம்? நாளைக்கு இதைவிட நல்லதா ஒண்டு கொண்டு வாரும்."

நாளைக்கும் ஹீட்டர்தான். சாவடியில் ஆட்கள் மாறுவார்கள். புது ஆள், புதுச் சந்தேகம், அதே மணல் மூட்டை. மனேஜர் சிரிப்பதை நிறுத்தினார். இனியும் பிந்தினால் வேறு இடம் பார்க்கச் சொன்னார். அன்றிரவு சாப்பாட்டு மேசையில் நான் பொரிந்து தள்ளினேன். அம்மா என் பக்கம்.

"அந்தச் சனியனைக் கழட்டி எறியுங்கோவன். பெடியன்ர வேலை போகப்போகுது."

அப்பா புட்டைப் பிசைந்தபடி சொன்னார். "என்ர காரில ஹீட்டர் இருக்கு. ஹீட்டரைத்தான் ஹீட்டர் எண்டு சொல்லுறன். இதுக்கு ஏன் நான் பயப்பிடோணும்?"

"பயம் இல்லையப்பா, ரெண்டு நட்டு," என்றேன் நான்.

"இண்டைக்கு ரெண்டு நட்டு. நாளைக்குப் பின்சீட் என்னத்துக்கு எண்டு கேப்பாங்கள். நீ பிறந்த இடத்தையும் கழட்டி எறிவியோ?"

தட்டைத் தள்ளிவிட்டு எழும்பினேன். கோபம் நிறைய இருந்தது. வாசகம் எழுதும் தொழிலில் இருந்த எனக்கு, இப்படி ஒரு வசனம் வாய்க்கவில்லையே என்ற எரிச்சலும் சேர்ந்துகொண்டது.

ஞாயிற்றுக்கிழமை அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு கொட்டாஞ்சேனைக்குப் போனார். சலீம் நானா ஸ்பானரோடு வந்து, கழற்றத்தான் வந்திருக்கிறார்கள் என்று நினைத்துக் குனிந்தார்.

"கழட்ட வேண்டாம், நானா. திருப்பிக் கொழுவும். ஹீட்டர் வேலை செய்யோணும்."

நானா நிமிர்ந்தார். "என்ன சேர் செல்றீங்க? சித்திரை மாசத்துல ஹீட்டரா? ஊரே சிரிக்கும்."

"சிரிக்கட்டும். சூடு வந்தால் ஹீட்டர்தானே? பிறகென்ன கேள்வி?"

நானா என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். புது ஹோஸ் வெட்டி, வளைந்த ஹோஸை எடுத்துவிட்டு, பெட்டிக்கு மறுபடியும் தண்ணீர் கொடுத்தார். இறுகிப்போன திருகை மட்டும் மாற்றவில்லை. அதுதான் அந்தக் கால்வாசி.

ஆகவே திங்கட்கிழமை காலை, கொழும்பின் கொடும் வெயிலில், உள்ளே அடுப்பெரியும் ஒரு காரில் நாங்கள் புறப்பட்டோம். என் காற்சட்டை முழங்காலோடு ஒட்டிக்கொண்டது. அப்பா கோட்டு மட்டும்தான் போடவில்லை. பாலத்தடியில் அதே கோப்ரல்.

"மே மொகத்த?"

"இதுக்கு முன்னால கையைப் பிடியுங்கோ," என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு அப்பா விசிறியைப் போட்டார்.

பல வருடங்களாக மூச்சு விடாத பெட்டி ஒரே மூச்சில் எல்லாவற்றையும் துப்பியது. தூசி, ஒரு கரப்பான் இறக்கை, காய்ந்த இலைத் துகள். கோப்ரல் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு கையை நீட்டிச் சூட்டைப் பார்த்தார். பிறகு சிரித்தார். கூட்டாளிகளைக் கூப்பிட்டார். ஒவ்வொருவராக வந்து, துவக்கைத் தோளுக்கு மாற்றிக்கொண்டு, கொழும்பு வெயிலில் கைக்குச் சூடு பிடித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. அப்பா ஜெயித்துவிட்டார் என்று நினைத்தேன்.

அப்போதுதான் கோப்ரல் என் பக்கம் திரும்பி அடையாள அட்டையைக் கேட்டார். பார்த்தார். இறங்கச் சொன்னார். ஆக, பெட்டி ஹீட்டர்தான் என்பது நிரூபணமாகிவிட்டது. என்னைப் பற்றித்தான் இன்னும் தீரவில்லை.

மணல் மூட்டைகளுக்குப் பின்னால் ஒரு தகர அறைக்குள் என்னைக் கொண்டுபோனார்கள். எங்கே பிறந்தாய், ஏன் பிறந்தாய், ஏன் இங்கே வந்தாய். பக்கத்தில் கிடந்த மர வாங்கில் என் வயதுப் பொடியன் ஒருவன் இருந்தான். அவனை ஏற்றிப்போக ஜீப் வரும் என்று கதைத்தார்கள். அந்த ஜீப்பில் இன்னோர் ஆளுக்கும் இடம் இருக்கும் என்பது எனக்குத் தெரிந்தது. வெளியே ஹோர்ண் சத்தம் ஒன்றாகத் தொடங்கிப் பத்தாகிப் பெருகியது. தகரத்தின் இடைவெளியால் பார்த்தேன்.

சாவடியில் தார்ப் பீப்பாய்களை வைத்து வீதியை ஒரு கார் போகிற அளவுக்கு ஒடுக்கியிருந்தார்கள். அந்த ஒடுக்கத்தின் நடுவே எங்கள் கார் நின்றது. இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. விசிறியும் ஓடிக்கொண்டிருந்தது. அப்பா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, குளித்துவிட்டு வந்தவர் மாதிரி நனைந்து, நேரே பார்த்துக்கொண்டிருந்தார்.

காரை ஓரமாக்கு என்று கோப்ரல் கத்தினார். அப்பா கத்தவில்லை. "புத்தா எனகங் மம யன்னே நே." மகன் வரும்வரை நான் போகமாட்டேன்.

அவர்கள் காத்திருந்தார்கள். அந்த மாதிரிப் பழைய கார் அந்த வெயிலில் நின்ற இடத்தில் எவ்வளவு நேரம் ஓடும்? கொதித்து அடங்கியதும் தள்ளி ஓரமாக்கலாம் என்று நினைத்திருப்பார்கள். கொதிக்கவில்லை. இஞ்சினின் சூட்டையெல்லாம் ஹீட்டர் வாங்கி அப்பாவின் மேல் ஊற்றிக்கொண்டிருந்தது. அவர் வாங்கிக்கொண்டிருந்தார். பின்னால் வாகன வரிசை வெள்ளவத்தைச் சந்தையைத் தாண்டிப் போனது. எங்கோ நடுவில் மாட்டுப்பட்ட ஒரு பெரிய அதிகாரியின் கார் ஒலியெழுப்பத் தொடங்கியது. ஜீப்பும் அந்த வரிசைக்குள்தான் நின்றிருக்க வேண்டும். அது வரவில்லை.

கோப்ரல் உள்ளே வந்து அட்டையை என் சட்டைப்பைக்குள் திணித்தார். "தொலை, உன் அப்பனைக் கூட்டிக்கொண்டு போ" என்பதைச் சிங்களத்தில் இதைவிட ஊட்டமாகச் சொன்னார். எழும்பும்போது பக்கத்து வாங்கில் இருந்தவன் என்னைப் பார்த்தான். அவனுக்கு வெளியே யாரும் நிற்கவில்லை. அவன் என்ன ஆனான் என்று எனக்குத் தெரியாது.

காரில் ஏறினேன். அப்பா கியரைப் போட்டார். பம்பலப்பிட்டி தாண்டியதும், "கண்ணாடியை இறக்கு, வேகுது," என்றார்.

கந்தோரில் மனேஜர் என் நனைந்த சட்டையைப் பார்த்தார். ஹீட்டர் என்றேன். அவர் ஒரு தேத்தண்ணீர் வரவழைத்தார். மாதமுடிவில் வேலையும் நிரந்தரமாகியது. வெந்துபோன முழங்கால்களோடு நான் எழுதிய சவர்க்கார வாசகத்தில் "குளிர்மை" என்ற சொல் தேவைக்கு அதிகமாக இருந்ததாகச் சொன்னார்கள்.

அப்பா அதற்குப் பிறகும் ஹீட்டரைப் பூட்டிக்கொண்டே ஓடினார். வருடக்கணக்காக. அம்மா ஏசினார், நான் ஏசினேன், நானா ஒவ்வொரு ஞாயிறும் ஸ்பானரைக் காட்டினார். பிறகு ஒரு நாள் தார்ப் பீப்பாய்களை எடுத்துவிட்டார்கள். பாலம் சும்மா பாலமாகியது. அந்த ஞாயிற்றுக்கிழமையே அப்பா கொட்டாஞ்சேனைக்குப் போனார்.

"நானா, இந்தப் பெட்டியைக் கழட்டும். வளைஞ்ச ஹோஸைப் போடும்."

"இத்தன வருஷமா நான் சென்னேன், கேக்கல்ல. இப்ப மட்டும் என்ன சேர்?"

"இப்ப ஒருத்தரும் கழட்டச் சொல்லேல்லை."

பெட்டி கொட்டகை மூலையில் எறியப்பட்டது. அந்த மூலையும் கொட்டகையும் போய் அங்கே இப்போது மாடிவீடு. நானாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போனார்கள். காரை ஒருவர் வாங்கிக் குருநாகலுக்குக் கொண்டுபோனார். மணல் மூட்டைகள் இருந்த இடத்தில் வெயிலைத் தவிர ஒன்றும் இல்லை. ஆனாலும் நடுவயதைத் தாண்டிய சில ஓட்டோக்காரர்கள், தாங்கள் அறியாமலே, அந்தப் பாலத்தடிக்கு வந்ததும் வேகத்தைக் குறைக்கிறார்கள். பின்னால் இருந்து நான் தோளில் தட்டுவேன்.

"ஏன் ஸ்லோ பண்ணுறீர்? போம்."