இரண்டு பக்கமும் ஒரு மீன் தலையும்

என் கதையில் ஒரு விதவை மீன் நறுக்குகிறாள். இறந்துபோன கணவனை நினைத்து அவள் மனதுக்குள் புலம்புவதை இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். வாசித்துவிட்டு என் மனைவி சொன்னாள்: "இவ இவ்வளவும் நினைச்சு முடிக்கதுக்குள்ள மீனப் பூனை கொண்டு போயிருக்கும்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "பின்ன அவ மனசுல உள்ளத எப்பிடிச் சொல்லது?"

"அவனுக்கு மீன்ல எது பிடிக்கும்?"

"தலை."

"அப்போ தலைய யாருக்கு வைக்கதுன்னு தெரியாம அவ கையில வச்சுட்டு நிக்கட்டும். அது போதும்."

இரண்டு பக்கத்தையும் அடித்துவிட்டு அந்த ஒரு வரியை எழுதினேன். அவளிடம் சொல்லவில்லை. மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டேதான் சாப்பிட உட்கார்ந்தேன். கோட்டாற்றுச் சந்தையிலிருந்து அவள் வாங்கி வந்த பாறைமீனின் தலை என் தட்டில் இருந்தது.

"தலைய எனக்கு வைக்கும்போது என்ன நினைப்பு?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்ல. முள்ளு பாத்துத் தின்னுங்க" என்றாள்.