பிர்தௌஸ் நிரப்பிய சார்ட்

முப்பது நாள் பயிற்சி. நாளுக்கு ஆஸ்பத்திரியின் கையெழுத்து ஒன்று. முப்பது கையெழுத்தும் விழுந்தால்தான் நர்சிங் அசிஸ்டன்ட் டிப்ளமோ பரீட்சைக்கு உட்காரவிடுவார்கள். பத்தொன்பது வயது பிர்தௌஸ் அந்தப் பச்சை அட்டைப் பயிற்சி நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டுதான் தினமும் டவுன் பஸ்ஸில் ஏறுவாள். தொலைந்துவிட்டால் தன் கதையே முடிந்தது என்று அவ்வளவு பயம்.

பயம் வீண் இல்லை. அவள் அப்பா ரபீக் மெத்தைக்கடை வைத்திருக்கிறார். அந்த வீட்டிலிருந்து வேலைக்கென்று வாசல் தாண்டிய முதல் பெண்பிள்ளை இவள்தான். அம்மா குர்ஷித் பேகம் ஒரு வருஷம் மூக்கைச் சிந்திச் சிந்தித்தான் அவரைச் சம்மதிக்க வைத்தாள். சம்மதத்தோடு ஒரு நிபந்தனையும் ஒட்டிக்கொண்டு வந்தது.

"ஒரு பிராது வரக்கூடாது. வந்துச்சுன்னா அன்னிக்கே படிப்பு வேலை எல்லாத்தையும் மூட்டை கட்டிட்டு வீட்ல உக்காரணும்."

ரபீக் சொன்னால் சொன்னதுதான். அவருடைய பேச்சைவிட அவருடைய பிடிவாதம்தான் அந்தத் தெருவில் பிரசித்தம்.

காலேஜிலிருந்து பயிற்சிக்கு அனுப்பிய இடம் பேருந்து நிலையத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்த ஒரு தனியார் ஆஸ்பத்திரி. பெண்கள் வார்டில் இருபத்திரண்டு கட்டில்கள். பகலில் இரண்டு நர்ஸ்கள் என்று பேர். பாதி நாள் ஒருத்திதான் இருப்பாள். மீதி வேலை எல்லாம் பயிற்சிக்கு வந்த பிள்ளைகளின் தலையில் விடியும். கேள்வி கேட்காத கைகள் சும்மா கிடைத்தால் எந்த முதலாளிதான் விடுவான்?

முதல் வாரம் பிர்தௌஸ் பாடத்தில் படித்தபடியே செய்தாள். கையில் பட்டையைச் சுற்றி, காற்றடித்து, காதில் ஸ்டெதாஸ்கோப்பை மாட்டி, மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டு, ஒவ்வொருவருடைய பிபியையும் சார்ட்டில் எழுதினாள். பத்துப் பேரை முடிப்பதற்குள் ஒரு மணி நேரம் ஓடிவிட்டது. வார்டு சிஸ்டர் கஸ்தூரி வந்து இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள்.

"இன்னும் பாதிகூட முடிக்கலயா? டாக்டர் ரவுண்ட்ஸ் வந்துட்டா யாரு பதில் சொல்றது? நேத்து என்ன போட்டிருக்குதுன்னு பாரு, அதுக்கு முன்னபின்ன ஒண்ணைப் போட்டுட்டு வா. நல்லா பேசுறாங்க, இட்லி சாப்புடுறாங்கன்னா பிபி நல்லாத்தான் இருக்கும்."

கேலி பண்ணுகிறாள் என்று பிர்தௌஸ் நினைத்தாள். கேலி இல்லை. அந்த வார்டின் நடைமுறையே அதுதான். மதியம் இரண்டு மணிக்கான கட்டம் காலையிலேயே நிரம்பிவிடும். சாயங்காலம் ஆறு மணிக்கானதை மதியச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே எழுதிவிடுவார்கள். யாரும் யாருக்கும் ஒளிக்கவில்லை.

அவளும் கற்றுக்கொண்டாள். எல்லோருக்கும் நூற்றிருபது, எண்பது என்று போட்டால் பார்க்கிறவர்களுக்குச் சந்தேகம் வரும். ஒருத்திக்கு நூற்றிப்பத்து, அடுத்தவளுக்கு நூற்றிப்பதினாறு என்று மாற்றி மாற்றிப் போடவேண்டும். "இப்பத்தான் கை தேறியிருக்குது" என்றாள் கஸ்தூரி. பிர்தௌஸ் சந்தோஷப்பட்டாள். அதை மறைப்பானேன்? வேகமானவள் என்று பேர் வாங்கினால் யாருக்குத்தான் பிடிக்காது?

இருபத்திரண்டாம் நாள். மறுநாள் பௌர்ணமி. அடி அண்ணாமலையில் பூக்கடை போடும் பொன்னி டெங்குக் காய்ச்சலோடு வந்து மூன்று நாளாகப் படுத்திருந்தாள். அன்று காலை காய்ச்சல் விட்டிருந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் அவள் புருஷன் சடையன், துணிமணிகளைப் பையில் திணித்துக்கொண்டிருந்தான். ரவுண்ட்ஸ் வந்த டாக்டர் பிரகாஷ், சார்ட்டைப் பார்த்துவிட்டு மதியம் வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லியிருந்தார்.

"சீக்கிரம் அனுப்பச் சொல்லு பாப்பா. நாளைக்கு கிரிவலத்துக்கு ஜனம் ஜாஸ்தி வரும். கடை போடலன்னா எப்படி?" என்றாள் பொன்னி. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது.

கையிலிருந்த ஊசியைக் கழற்ற பிர்தௌஸ் அவள் கையைப் பிடித்தாள். சில்லென்று இருந்தது. வெளியே புரட்டாசிப் புழுக்கம். இவள் நெற்றியிலோ குளிர்ந்த வியர்வை. டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நேரம்தான் ஆபத்தான நேரம் என்று வகுப்பில் எழுதிப்போட்டது நினைவுக்கு வந்தது. பட்டையைச் சுற்றி அளந்தாள். மேலே எண்பது, கீழே அறுபது. நம்பாமல் இன்னொரு தடவை அளந்தாள். அதே எண்பது, அதே அறுபது.

அளந்ததைவிட அதிகமாகப் பயமுறுத்தியது சார்ட்தான். பத்து மணிக் கட்டத்தில், அவள் கையெழுத்தில், நூற்றிப்பத்து, எழுபது என்று அழகாக எழுதியிருந்தது.

ஓடிப்போய் டாக்டரிடம் சொன்னாள். பக்கத்தில் கஸ்தூரியும் நின்றாள். டாக்டர் சார்ட்டைப் புரட்டினார்.

"பத்து மணிக்கு நல்லாத்தானம்மா இருந்திருக்கு. நேத்தும் நல்லாத்தான் இருக்கு. நீ டிரெய்னிதானே? பட்டையைச் சரியா சுத்தியிருக்க மாட்ட. அரை மணி கழிச்சு சிஸ்டர் பார்க்கட்டும்."

கஸ்தூரி கண்ணாலேயே 'வாயை மூடு' என்றாள். மூடியிருந்தால் கையெழுத்து பிழைத்திருக்கும். அந்த அரை மணியில் பொன்னி பிழைத்திருப்பாளா என்பது வேறு விஷயம்.

"பத்து மணிக்கு நான் அளக்கவே இல்ல சார்" என்றாள் பிர்தௌஸ். "நானா எழுதினேன். நேத்தும் அளக்கல. முந்தாநேத்தும் அளக்கல."

டாக்டர் அவளை ஒரு கணம் பார்த்தார். அடுத்த கணம் வார்டுக்கு ஓடினார். சலைன் ஏற்றினார்கள், நூற்றெட்டு ஆம்புலன்ஸ் வந்தது, பொன்னியை அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். சடையன் ஒன்றும் புரியாமல் பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினான்.

மூன்று நாள் கழித்து மேனேஜர் இராமலிங்கம் கூப்பிட்டனுப்பினார். போகிற வழியில் கஸ்தூரி அவளை மடக்கினாள். கண் சிவந்திருந்தது.

"இருவத்திரண்டு கட்டிலுக்கு நான் ஒருத்தி. எல்லாத்தையும் அளந்துட்டு உக்காந்தா மருந்து யாரு குடுக்குறது? எனக்கு ரெண்டு பசங்க இருக்குறாங்க பிர்தௌஸ்."

அவள் சொன்னதில் பொய் இல்லை. அதுதான் பிர்தௌஸுக்குத் தாங்க முடியாமல் இருந்தது. கெட்டவள் என்று திட்டித் தீர்த்துவிட முடிந்தால் எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும்!

இராமலிங்கம் சிரித்த முகமாகத்தான் பேசினார். "அந்தம்மா பொழச்சுட்டாங்க. ஐசியூலேர்ந்து வார்டுக்கு மாத்திட்டாங்களாம். அப்புறம் என்ன பிரச்சினை? ஒரு கடுதாசி மட்டும் எழுதிக் குடு. யாரும் சொல்லாம, என் அலட்சியத்தால நானே எழுதினேன்னு. அது என் பீரோவுலதான் இருக்கும், காலேஜுக்குப் போகாது. மீதி அஞ்சு நாளுக்கும் இப்பவே கையெழுத்து போட்டுத் தந்துடுறேன்."

பிர்தௌஸ் பேனாவை எடுத்தாள். 'அளக்காமல் எழுதியது நான்தான். தவறு செய்துவிட்டேன்' என்று எழுதினாள். அதுவரை கை தடையில்லாமல் போயிற்று. 'யாரும் சொல்லாமல்' என்ற இடத்தில் நின்றுவிட்டது. யாரும் செய்யச் சொல்லவில்லை என்று எழுதிவிட்டால் வார்டில் எதையும் மாற்றவேண்டியதில்லை. அடுத்த மாசம் இன்னொருத்தி வருவாள். அவளுக்கும் கை தேறிவிடும்.

"அது மட்டும் எழுத மாட்டேன் சார்."

எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். பிறகு சிரிப்பு போய்விட்டது. பச்சை நோட்டை வாங்கி, சிவப்பு மையில் 'ஒழுங்கீனம் காரணமாகப் பயிற்சி நிறுத்தப்பட்டது' என்று எழுதி முத்திரை குத்தினார். இருபத்தைந்து கையெழுத்தும் அத்தோடு செல்லாமல் போயின.

நேராக அப்பாவின் கடைக்குத்தான் போனாள். வீட்டுக்குப் போய் அம்மாவின் முகத்தைப் பார்க்கும் தைரியம் வரவில்லை. ரபீக் சிவப்பு மையை எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"பிராது வந்துடுச்சு" என்றார்.

"வந்துடுச்சுப்பா."

நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். அவர் கேட்டு முடித்து, "சொன்னது சொன்னதுதான். இனிமே போக வேணாம்" என்றார். பிறகு, "எத்தினி நாள் பொய் எழுதின?" என்று கேட்டார்.

"பதினஞ்சு நாள்."

"தப்புதானே? அப்ப நிறுத்தினா நிறுத்தத்தான் செய்வாங்க."

"அதுக்கு நிறுத்தலப்பா. அந்தப் பதினஞ்சு நாளும் கையெழுத்து போட்டுக் குடுத்தாங்க. நெஜத்தைச் சொன்னப்புறம்தான் நிறுத்தினாங்க."

ரபீக் அந்தச் சிவப்பு மையை மறுபடி ஒருதரம் எழுத்துக்கூட்டிப் படித்தார். அன்று கடை சாத்தும்வரை அவர் ஒரு மெத்தைகூடத் தைக்கவில்லை.