பூஜ்யம் சொன்ன அக்கா

எங்கள் இணையச் சேவை அலுவலகத்தில் இரண்டே மேசைகள். ஜன்னலோர மேசையில் அக்கா, மற்றதில் நான். செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நாற்காலிமேல் மடித்துக்கொண்டால்தான் அவளுக்கு வேலை ஓடும். கேபிள் இழுப்பவர் அவளுக்கு வைத்த பெயர் ‘பூஜ்யம்’.

வீட்டுக்கு வீடு இவ்வளவு வேகம் என்று லினக்ஸ் கணினியில் வரம்பு வைப்போம். மீறி வரும் பாக்கெட்டுகள், அதாவது தரவுத் துணுக்குகள், வரிசையில் நிற்கும். வரிசையும் நிரம்பினால் விழும். விழுந்தவற்றைக் கணினி எண்ணி வைக்கும். யார் புகார் சொன்னாலும் அக்கா அந்த எண்ணைப் பார்த்துவிட்டு, “நம்ம பக்கம் பூஜ்யம் சார், உங்க வயரைப் பாருங்க” என்பாள்.

ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் வீடியோவில் பாடம் எடுத்துவந்தார். பாதிக் கணக்கில் குரல் அறுந்தது. பதினொரு பிள்ளைகள் நால்வரானார்கள். மூன்று வாரம் தினமும் கூப்பிட்டார். தினமும் பூஜ்யம்.

ஒரு மதியம் அக்கா கேட்டாள், “டேய், இவ்வளவு ஓடுற லைன்ல ஒண்ணுகூடவா விழாது?”

“விழாட்டி நல்லதுதானேக்கா.”

“கொட்டுற மழையில நனையாம வந்தேன்னா நம்புவியா?”

விஷயம் பிடிபட்டது. புகார் வந்ததும், எதற்கும் இருக்கட்டுமென்று வரம்பை அழித்துப் புதிதாக வைப்பது அவள் வழக்கம். அப்போது எண்ணிக்கையும் அழிந்துவிடும். அதற்குப் பிறகுதான் பார்ப்பாள்.

அன்று எதையும் தொடாமல் எண்ணைக் குறித்துக்கொண்டாள். பாட நேரத்தில் பத்து நிமிடம் விட்டு மறுபடி பார்த்தாள். மூவாயிரத்துச் சொச்சம் கூடியிருந்தது. வாத்தியார் வீட்டிலிருந்து வெளியே போகும் தரவுக்கு அவள் வைத்த வரம்பு வீடியோவுக்குப் போதவில்லை.

வரம்பைக் கூட்டினாள். போனில் சொல்லியிருக்கலாம், செருப்பை மாட்டிக்கொண்டு வாத்தியார் வீட்டுக்கே கிளம்பினாள். நானும் போனேன்.

“சார், மூணு வாரமா நான் சொன்னது தப்பு. விழுந்தது எங்க பக்கம்தான்.”

வாத்தியார் கண்ணாடியைத் துடைத்தார். “பலகையை அழிச்சிட்டுத் தப்பைத் தேடியிருக்கீங்க. என் பசங்க பண்றதுதான். உட்காருங்க.”

அவள் உட்காரவில்லை. நான்கு பிள்ளைகளுக்கு அவர் ஒரு கணக்கை அறுபடாமல் முடிக்கும்வரை சுவரோரம் நின்றாள். விலகிப்போன ஏழு பிள்ளைகளின் வீடுகளுக்கும் அவளே போன் போட்டாள். ஐந்து பேர் திரும்பினார்கள்.

அக்கா இப்போது வேறு ஊரில். ஜன்னலோர மேசை எனக்கு வந்துவிட்டது. திரையோரம் அவள் ஒட்டிய சீட்டு: ‘முதலில் பார், பிறகு தொடு.’ அதன் கீழே, சின்னதாக, 2. திரும்பாத அந்த இருவர். பசை காய்ந்து ஓரம் சுருண்டிருக்கிறது. எடுக்க மனம் வரவில்லை.