குடகா, மைசூரா: ஒரு கணிப்புக்காரனின் வயிற்றெரிச்சல்

ஹாக்கி ஸ்டிக் விக்கிற தொழில்ல இருக்கிற பெரிய தொல்லை என்னன்னா, ஸ்டிக் வாங்க வர்றவங்களை விட யார் ஜெயிப்பாங்கன்னு கேக்க வர்றவங்கதான் ஜாஸ்தி. துணிக்கடைக்குப் போயி அடுத்த மாசம் யாருக்குக் கல்யாணம்னு யாராவது கேக்கறாங்களா? எங்ககிட்ட மட்டும் கேப்பாங்க. நாமளும் வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருக்கறதில்லை. கவுண்டருக்குப் பின்னால நின்னே காலத்தை ஓட்டற உங்களுக்கு இது புரியும். புரியாதவங்க குடுத்து வெச்சவங்க.

என் பேரு முருகேசன். சொந்த ஊரு தமிழ்நாட்டு எல்லையை ஒட்டின ஹனூர் பக்கம். மைசூருக்கு வந்து பத்தொம்பது வருசமா ஒரே விளையாட்டுச் சாமான் கடையில வேலை. ஸ்டிக்கோட கைப்பிடிக்கு கிரிப் சுத்தறது, கோல்கீப்பர் பேடுக்குப் பட்டை மாத்தறது, வர்றவங்களைப் பேசி வாங்க வெக்கிறது, எல்லாம் நான்தான். வாங்க வெக்கிறது மட்டும் கொஞ்சம் சுமாரா நடக்கும்.

பலகை

கடை வாசல்ல ஒரு வெள்ளைப் பலகை தொங்குது. மாநில லீக் கடைசிக் கட்டத்துக்கு வந்துட்டா பிளே-ஆஃப். ரெண்டு அணி, மூணு ஆட்டம், ரெண்டு ஜெயிச்சவங்க மேலே போவாங்க. எந்த வருசம் பார்த்தாலும் நம்ம மைசூருக்கு எதிர்ல வந்து நிக்கிறது ஒண்ணு பெங்களூரு, இல்லைன்னா குடகு. அது தொடங்கற அன்னைக்குக் காலையில மார்க்கரை எடுத்து யார் ஜெயிப்பாங்கன்னு பலகையில எழுதுவேன். முதலாளி ஆரம்பிச்சு வெச்ச பழக்கம் அது. எழுதறது எப்பவும் நான்தான். எழுதி முடிச்சதும் அஞ்சாறு பேரு கூடி ஏன், எப்படின்னு கேப்பாங்க. அந்த அரைமணி நேரம் நான் கிரிப் சுத்தற முருகேசன் இல்லீங்க, வேற ஆளு.

உண்மையை மறைக்கலை, பாதிக்கு மேல தப்பாத்தான் போகும். அதுக்காக யாரும் என்னைக் கேக்காம விட்டதில்லை. விஜயநகர்ல இருந்து ஒரு ரிடையர்ட் பி.டி. மாஸ்டர் தினம் சாயங்காலம் ஸ்கூட்டர்ல வந்து ஸ்டூலைப் போட்டு உக்காந்துக்குவார். நம்ம தமிழ் ஆளுதான். பத்து வருசத்துல அவர் எங்க கடையில வாங்கினது ஒரே ஒரு விசில். அவர் ஒருநாள் சொன்னதை இன்னும் மனசுல வெச்சிருக்கேன்: “முருகேசா, நீ சொல்றது நடக்குதோ இல்லையோ, சொல்றப்ப நடந்து முடிஞ்ச மாதிரியே இருக்குதப்பா.”

கிரிப்பைப் பிரிச்சா தெரியும்

நான் வாய்க்கு வந்ததைச் சொல்றவன்னு நினைச்சுடாதீங்க. பழைய கிரிப்பைப் பிரிக்கறப்பவே ஆளு எப்படி ஆடறான்னு தெரிஞ்சுடும். மேல் கை பிடிக்கிற இடம் தேஞ்சிருந்தா பந்தைக் கூட்டிக்கிட்டே ஓடறவன். கீழே தேஞ்சிருந்தா குனிஞ்சு தள்ளறவன், கோல் அடிக்க பெனால்டி கார்னர் கிடைச்சா அவனைத்தான் கூப்பிடுவாங்க. குடகுப் பசங்களும் கிரிப் மாத்த எங்க கடைக்குத்தான் வருவாங்க. அதனால ரெண்டு அணியோட கையும் எனக்குத் தெரியும்.

இந்தத் தடவை மைசூருக்கும் குடகுக்கும்னு ஆனதும் குடகோட கார்னர் அடிக்கிற பையன் ஸ்டிக்கைக் கொண்டு வந்தான். பிரிச்சுப் பார்த்தேன். கீழ்ப்பக்கம் வழவழன்னு ஆகிப் போயிருந்தது. தினம் எத்தனை தடவை தள்ளிப் பழகறானோ சாமி. உனக்கு வலது தோள் வலிக்குமே, காலையில எந்திரிச்சா கை மரத்துப் போகுமேன்னு அடுக்கிக்கிட்டே போனேன். அவன் பொறுமையா நின்னு பார்த்துட்டு, சிரிக்காம கன்னடத்துல சொன்னான், தமிழ்ல தர்றேன்: “அண்ணே, கிரிப்பைச் சுத்திக் குடுங்க, ஜாதகம் எங்க ஊர்லயே பார்த்துக்கறேன்.”

பில் போடற பொண்ணு

ரெண்டு வருசத்துக்கு முன்னால பில் கவுண்டருக்கு சுகுணான்னு ஒரு பொண்ணு வந்துச்சு. அப்பா அம்மா கட்டட வேலைக்கு மைசூர் வந்த தமிழ் ஆளுங்க. இது பொறந்தது வளர்ந்தது எல்லாம் இங்கேயே, தமிழை விடக் கன்னடம் நல்லா வரும். முன்னால சேலைக் கடையில இருந்துச்சாம். ஹாக்கியில ஒரு பக்கத்துக்கு எத்தனை பேருன்னு கேட்டேன். “ஏழு, அல்வாண்ணா?” அப்படின்னுச்சு, ‘இல்லையாண்ணா’ங்கறதைக் கன்னடத்துல. பதினொண்ணும்மான்னு சொல்லிக் குடுத்தேன். நல்ல பொண்ணுன்னுதான் அன்னைக்கு நினைச்சேன்.

போன வருசம் மைசூருக்கும் பெங்களூருக்கும் பிளே-ஆஃப். நான் பலகையில மைசூர்னு எழுதி அரைமணி நேரம் காரணம் சொல்லி முடிச்சேன். வெளியே போற ஒருத்தர் பில் வாங்கறப்ப விளையாட்டா இதுகிட்டயும் கேட்டு வெச்சார். பெங்களூருதான் சார், ரெண்டே ஆட்டத்துல முடிஞ்சுடும்னுச்சு. ரெண்டே ஆட்டத்துலதான் முடிஞ்சது. அதுக்கு முந்தின வருசமும் இதே கதைதானாம், எனக்குத்தான் தெரியலை. ஏழு பேருன்னு சொன்ன பொண்ணுங்க. வயிறு பத்திக்கிட்டு எரிஞ்சுது. நீங்க வேலை பார்க்கற இடத்துலயும் இப்படி ஒரு சுகுணா இருப்பாங்க, உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அடுத்த வாரம் காலேஜ் பையன் ஒருத்தன் உள்ளே வந்தான். வாப்பான்னு நான் எந்திரிச்சா என்னைத் தாண்டி எட்டிப் பார்க்கறான். “நீங்க வேலையைப் பாருங்க அங்கிள், நான் பில் அக்காகிட்ட ஒண்ணு கேக்கணும்.”

மார்க்கரை ஒளிச்சு வெச்சது

அதுக்கப்புறம் நான் பண்ணினதை எல்லாம் வெளியே சொன்னா அசிங்கம். சொல்றேன். அந்தப் பொண்ணு சோத்து நேரத்துல என்ன படிக்குதுன்னு நோட்டம் விட்டேன். விளையாட்டுப் பக்கம் இல்லை, கோலப் புத்தகம். யாராவது ஹாக்கிக்காரன் சொந்தக்காரனான்னு வாட்ச்மேன்கிட்ட விசாரிச்சேன், இல்லைன்னுட்டார். மார்க்கரைக் கிரிப் டப்பாவுக்கு அடியில ஒளிச்சு வெச்சேன். யாராச்சும் அந்தப் பொண்ணு சொல்றதைப் பாராட்டினா, அது குருட்டு அதிர்ஷ்டத்துல வர்றதுன்னு நான் போய் நடுவுல நிப்பேன். வீட்டுக்காரிகிட்ட பொலம்பினா, இத்தனை பொறாமை ஆகாதுங்கன்னு சொல்லிட்டுத் திரும்பிப் படுத்துக்கிட்டா. பொறாமைதான். இல்லைன்னு சொன்னேனா?

குடகு ஆட்டம் தொடங்கற அன்னைக்குக் காலையில முதலாளி மார்க்கரைக் கேட்டார். காணோம்னேன். அவரே டப்பாவைத் தூக்கி எடுத்தார். பலகைக்கு நடுவுல ஒரு கோடு போட்டார். இடது பக்கம் எனக்கு, வலது பக்கம் சுகுணாவுக்கு. நான் மைசூர், ரெண்டே ஆட்டத்துலன்னு எழுதினேன். அது குடகு, மூணு ஆட்டத்துலன்னு எழுதுச்சு. முதலாளி மார்க்கரைத் தன் பையில சொருகிக்கிட்டு எல்லார் முன்னாலயும் சொன்னார்: “இந்தத் தடவை யார் சொல்றது சரியா வருதோ, இனிமே பலகை அவங்களுக்குத்தான், இதுல வருத்தப்பட ஒண்ணுமில்லை.”

தொண்டை கட்டின கதை

முதல் ஆட்டம் மைசூர்ல. முதலாளி கடையைப் பூட்டி எங்க எல்லாரையும் கூட்டிக்கிட்டுப் போனார். சுகுணா மைதானத்தைப் பார்க்கறதே அன்னைக்குத்தான். முதல்ல கைப்பையை மடியில வெச்சுக்கிட்டுக் கல்யாண வீட்டுக்கு வந்த மாதிரி உக்காந்திருந்துச்சு. நம்ம பசங்க முதல் கோலைப் போட்டதும் எந்திரிச்சு நின்னுச்சு. அதுக்கப்புறம் உக்காரவே இல்லை. மூணுக்கு ஒண்ணுன்னு மைசூர் ஜெயிச்சது. நான் எல்லாருக்கும் மைசூர் பாகு வாங்கிக் குடுத்தேன், அந்தப் பொண்ணுக்கு ரெண்டாக் குடுத்தேன். கருணையில இல்லீங்க, கொழுப்புல.

ரெண்டாவது ஆட்டம் குடகுல. கடையில போன்ல பார்த்தோம். குடகு ஜெயிச்சுருச்சு. ஆளுக்கு ஒரு ஆட்டம். என்னோட ரெண்டே ஆட்டம் அங்கேயே செத்துப் போச்சு. அது எழுதின மூணு ஆட்டம் அப்படியே வந்து நிக்குது. சந்தோசத்துல குதிக்குமேன்னு ஓரக்கண்ணால பார்த்தேன். அது சோத்து டப்பாவைத் திறக்காம மூடி வெச்சுட்டு, பில் போட வந்தவர்கிட்ட எரிஞ்சு விழுந்துக்கிட்டிருக்கு. முதல் ஆட்டத்துல கத்திக் கட்டின தொண்டை இன்னும் சரியாகலை. மாஸ்டர் என் காதோரம் குனிஞ்சார்: “ஜெயிச்சது அந்தப் பொண்ணு, மூஞ்சி ஏன்ப்பா தோத்த மாதிரி இருக்குது?”

கடைசி வரி

முதலாளி நல்ல மனுசன். மூணாவது ஆட்டத்துக்குப் பலகையை அழிச்சுட்டு ரெண்டு பேரும் புதுசா எழுதுங்க, அதுதான் கணக்குன்னுட்டார். எனக்கு உசுரு திரும்பி வந்துச்சு. ஆனா ராத்திரி முழுக்கக் குடைச்சல். மறுநாள் மத்தியானம் கூட்டமில்லாத நேரம் பார்த்து, மானத்தை விட்டுட்டு அந்தப் பொண்ணுகிட்டயே கேட்டேன். நீ எதை வெச்சும்மா சொல்றேன்னு.

அது ஒண்ணும் ஒளிக்கலை. “நீங்க சொல்றதை வெச்சுத்தாண்ணா,” அப்படின்னுச்சு. எனக்குப் புரியலை. அது விலாவாரியாச் சொல்லுச்சு. கவுண்டர்ல உக்காந்தா நான் பேசறதெல்லாம் காதுல விழுதாம். குடகுப் பையன் கார்னர் பழகறது, நம்ம பசங்க மூணு பேரு கை அசந்து போயி லேசான ஸ்டிக் கேட்டது, கடைசிக் கால் மணி நேரத்துல நம்ம பசங்க ஓட்டம் குறையறது, எல்லாம் நான் சொன்னதுதானாம். ஒண்ணு கூடத் தப்பில்லையாம். சுகுணா தலையைக் குனிஞ்சுக்கிட்டே முடிச்சுது: “அத்தனையும் சொல்லிட்டுக் கடைசியில ‘அதனால மைசூர்’னு முடிப்பீங்க பாருங்க, அந்த ஒரு வரியை மட்டும் நான் கேட்டுக்க மாட்டேண்ணா.”

கை வரலை

அன்னைக்குச் சாயங்காலம் பலகை முன்னால நின்னேன். எல்லாக் காரணத்தையும் மனசுக்குள்ள ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். கடைசி வரி தொண்டை வரைக்கும் வந்துச்சு. முழுங்கினேன். பத்தொம்பது வருசத்துல முதல் தடவையா மைசூருக்கு எதிரா எழுதினேன். குடகு. மாஸ்டர் ஸ்டூல்ல இருந்து எந்திரிச்சே போயிட்டார்.

அடுத்து சுகுணா மார்க்கரை வாங்கிச்சு. எழுதிட்டு நகர்ந்தப்பப் பார்த்தா மைசூர்னு இருக்கு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. ஏம்மா, எல்லாக் காரணமும் அந்தப் பக்கம்தானே இருக்குது, நீயேதானே சொன்னேன்னு கேட்டேன். “தெரியும்ணா. எழுத கை வரலை.”

மூணாவது ஆட்டம்

மறுநாள் சாயங்காலம் மைசூர் மைதானத்துல கடைசிக் கால் மணி நேரம். ஒண்ணுக்கு ஒண்ணு. நம்ம பசங்க கால் இழுத்துக்கிட்டு ஓடறாங்க. குடகுக்கு ஒரு பெனால்டி கார்னர். அந்தப் பையன் குனிஞ்சு ஸ்டிக்கைப் பிடிச்சான். எந்த இடத்துல பிடிப்பான்னு எனக்குத் தெரியும், சுத்திக் குடுத்தது நான்தானே. பந்து உள்ளே போறதுக்கு முன்னாலயே நான் கண்ணை மூடிக்கிட்டேன்.

முதலாளி வந்து என் சட்டைப் பையில மார்க்கரைச் சொருகி, பலகை உனக்குத்தான் முருகேசான்னுட்டுப் போனார். சரியாச் சொல்லியிருக்கேன். குடகுன்னு முன்கூட்டியே எழுதி வெச்சிருக்கேன். வேற யாரும் என் பக்கம் வரலை. சுகுணா படிக்கட்டுல உக்காந்து தேம்பித் தேம்பி அழுதுக்கிட்டிருந்துச்சு. சுத்தி எங்க கடை ஆளுங்க, முன்பின் தெரியாதவங்க, எல்லாரும் நின்னுக்கிட்டிருந்தாங்க. அவங்க பாதிப் பேரு கண்ணும் ஈரம். மாஸ்டர் தண்ணி பாட்டிலைத் திறந்து அந்தப் பொண்ணு கையில குடுத்தார். அந்தக் கூட்டத்துக்குள்ள போயி உக்காரணும்னு எனக்கு அத்தனை ஆசையா இருந்துச்சு. குடகுன்னு எழுதின கையை வெச்சுக்கிட்டு எப்படிப் போறது? பத்தடி தள்ளியே நின்னேன். சுகுணா மூஞ்சியைத் துடைச்சுக்கிட்டு என்னை ஏறிட்டுப் பார்த்துச்சு. “நீங்கதாண்ணா பாவம், உங்களால அழக்கூட முடியலை.”

இப்ப பலகையும் என்கிட்ட, மார்க்கரும் என்கிட்ட, சொன்ன கணிப்பும் சரி. பொறாமை மட்டும் இன்னும் அந்தப் பொண்ணு மேலதானுங்க.