சுல்தானின் குளம்பில் இறங்கிய வளையம்

கல்முனைக்குக் குதிரை வண்டியில் இலேசான சாரத் துணிக்கட்டு ஏற்றிப் போன என் கணவர், அன்று வெள்ளனவே வெறும் வண்டியோடு திரும்பி வந்தார். "மிருக டொக்டர் சாமுவேல் ஐயா மௌத்தாகிட்டாராம். நெஞ்சு வலியாம்" என்றார். அந்த மரணச் செய்தியோடு இருவரும் ஒன்றாகப் பார்த்தது குதிரையின் முன்குளம்பைத்தான். ஐயாவை அறியாதவர்களுக்காக அதன் காரணத்தை எழுதுகிறேன்.

அரசாங்க மிருக வைத்தியரான அவர் கல்முனை மெதடிஸ்த குடும்பமொன்றைச் சேர்ந்தவர். சாய்ந்தமருதில் எங்கள் வீட்டுக்கு முதன்முதலில் வந்தது, சென்ற வேளாண்மை வெட்டு முடிந்த கிழமையில். எங்கள் குதிரை சுல்தான் அன்று அடியெடுத்து வைக்க மறுத்தது. முன்னங்கால்களை நீட்டி, பாரத்தைப் பின்னங்கால்களில் போட்டு, இல்லாத வாங்கில் உட்காரப் போவது போல் நின்றது. "இடுப்புப் பிடிச்சிட்டு, எண்ணெ தடவி நடத்துங்க" என்றார்கள் அயலவர்கள். நடத்தினோம். ஒவ்வோர் அடிக்கும் முனகியது. "இனிச் சுட்டுக் கொல்லத்தான் வேணும்" என்று ஒருவர் சொன்னதும் என் கணவர் கல்முனைக்கு ஓடினார். அந்த வண்டியால்தான் எங்கள் அடுப்பு எரிந்தது.

ஐயா இடுப்பைத் தொடவே இல்லை. மணலில் குந்தி, முன்குளம்பில் உள்ளங்கையை வைத்தார். அதற்கு மேலே காலின் பின்புறத்தில் நாடி பார்த்தார்.

"இனி நடத்தாதீங்க. நோவு குளம்புக்குள்ள. என்ன திண்டிச்சு?"

களத்து நெல் வீடு வரும் நாளில் இறையருள் பெருக வேண்டுமென்று வீட்டுச் சீவன்களுக்கும் வயிறு நிறைய வைப்பது எங்கள் வழக்கம். என் மாமி மெதுவாகச் சொன்னார்: "நான்தான் டொக்டர். பரக்கத்துக்கெண்டு ஒரு கடகம் நெல்லு வெச்சன்."

"வெச்சது நல்ல மனசு உம்மா. ஆனா உங்கட கலியாண ஊட்டில ஆறு பேருக்கு வைக்கிற சகன் சோத்தை ஒராளே திண்ட மாதிரி ஆகிட்டு."

கதவு மறைவில் நின்ற என்னால் கேட்காமல் இருக்க முடியவில்லை. "திண்டது வயித்துக்கு. நோவு ஏன் காலுக்கு?"

அவர் என் பக்கம் திரும்பாமல், வேலியைப் பார்த்தபடி மறுமொழி சொன்னார். "நல்ல கேள்வி தங்கச்சி. எனக்கும் முழுக்க விளங்கல்ல. உள்ளுக்கு வீங்குது, குளம்பு விரிஞ்சு இடங் குடுக்காது. அது மட்டும் தெரியும். நகச்சுத்து வந்தா எப்பிடிக் கொதிக்கும்?"

மாமி தன் பெருவிரலைப் பொத்திப் பிடித்துக்கொண்டார்.

ஐயா லாடத்தைக் கழற்றி, பேதி மருந்து பருக்கினார். தானியம் கூடாது, காய்ந்த புல் மட்டும். நிற்பதற்கு மெத்தை போலக் கடல் மணல். குளம்புக்கு ஓயாமல் கிணற்றுத் தண்ணீர். மணல் வண்டியை என் கணவரே இழுத்தார். கரைவலைக்காரர்கள் விடுவார்களா? "குதிரை ஊட்டில ராசா மாதிரி நிக்கிது. காக்காக்கு லாடம் அடிச்சாச்சா?" என்றார்கள், என் கணவரை அண்ணன் முறை வைத்து.

எனக்கும் ஐயா ஒரு வேலை தந்தார். "முன்குளம்பையும் பின்குளம்பையும் தொட்டுப் பாருங்க தங்கச்சி. சூட்டில வித்தியாசம் இல்லாத நாள் சொல்லியனுப்புங்க." விடியலில் சுபஹ் தொழுதுவிட்டுப் போய்த் தொடுவேன். அடுப்புக்கல் போலிருந்தது கொஞ்சங் கொஞ்சமாய்த் தணிந்தது. வித்தியாசம் தெரியாத காலையில் மாமி அழுதார்.

பிறகு குளம்பின் மேல்விளிம்பில் வளையம்போல் ஒரு தடிப்பு வந்தது. பயந்துபோய் ஆளனுப்பினோம். ஐயாவுக்கோ ஒரே சந்தோசம்.

"இது பட்ட பாட்டின்ட அடையாளம். குளம்பு வளர வளரக் கீழ இறங்கும். நிலத்துக்கு வந்தா வெட்டி எறியலாம். அதுக்கு மேல குளம்பு நேரா வளந்திரிந்தா முழுச் சுகம். அதுவரைக்கும் பெரிய பாரம் ஏத்தாதீங்க."

அதன்பின் இந்தப் பக்கம் வரும்போதெல்லாம் வேலிப் படலையில் நின்றே கேட்பார்: "வளையத்தார் எவடத்த வந்திட்டார்?" குளம்பின் முனையை அளவாகச் சீவ என் கணவருக்குக் காட்டிக் கொடுத்ததும் அவர்தான். "அது நிலத்துக்கு வாறதை நான் பாக்கணும். படத்திலதான் பாத்திரிக்கன்" என்றார் ஒருநாள்.

நல்லடக்கத்துக்கு என் கணவர் சுல்தானின் வண்டியில்தான் போனார். திரும்பி வந்து குதிரையை அவிழ்த்து, ஐயா காட்டியபடியே குளம்பின் ஓரத்தைச் சீவினார். வளையத்தின் கடைசித் துண்டு மணலில் விழுந்தது. அதற்கு மேலே குளம்பு நேராக, வழுவழுப்பாக இருந்தது. கை வைத்துப் பார்த்தேன். குளிர்ந்திருந்தது.

மாமி படலைப் பக்கம் பார்த்துச் சொன்னார்: "வளையத்தார் வந்திட்டார் டொக்டர், நிலத்துக்கு."

போய் வாருங்கள் ஐயா. தின்றது வயிற்றுக்கு, நோவு ஏன் காலுக்கு என்று கதவு மறைவில் நின்று கேட்ட கேள்வியை நான் இன்னும் விடவில்லை.