ஆத்தா நிறுத்திய கரண்டு

இதை எழுதாமல் இருந்தால் மாரியாத்தாவுக்குத் துரோகம் செய்வதாகும் என்று எழுதுகிறேன். போன ஐப்பசி அடைமழையில், ஒரு மத்தியானம், என் மூன்று வயது மகள் யாழினி காணாமல் போனாள்.

போடியில் ஒரு மீன் குளிர்கிடங்கில் நான் வேலை பார்க்கிறேன். கணவர் அங்கேயே ஃப்ரீசர் லாரி ஓட்டுகிறார். கொச்சியில் ஆழ்கடல் படகுகள் இறக்கும் சூரை, அயிலை, கணவாய் எல்லாம் கட்டியாக உறைந்து, அட்டைப்பெட்டிகளில் மலையேறி, போடிமெட்டு வழியாக எங்களிடம் வரும். மீன் இளகியிருக்கிறதா என்று தொட்டுப் பார்த்து, கடைகளுக்குப் பிரித்து அனுப்புவது என் வேலை. ஃப்ரீசர் கதவு ஒரு விரல் அளவு திறந்திருந்தாலும், அந்த வழியாகப் போகிற யாரும் இழுத்துச் சாத்திவிட்டுத்தான் போவோம். யோசிக்க மாட்டோம். கை தானாகப் போகும்.

அன்று மழைக்காக அங்கன்வாடியைப் பூட்டிவிட்டார்கள். பாப்பாவை விட்டுவர இடமில்லை. ஸ்வெட்டரும் குல்லாவும் மாட்டிக் கூட்டிப்போனேன். லீவு போட்டிருக்கலாமோ என்று இன்றும் மனது அரிக்கிறது.

கணவர் லோடை இறக்கிவிட்டு டீசல் போடப் போனார். அதுவரை, அப்பா பெட்டியோடு ஃப்ரீசருக்குள் போவதையும் வருவதையும் பாப்பா என் அருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நான் குனிந்து ஒரு பெட்டியைப் பிரித்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தேன். அவள் இல்லை.

லோடு இறக்கும் முருகேசன் அண்ணனிடம் ஓடினேன். “அண்ணே, பாப்பாவப் பாத்தீகளா?”

“இங்கனதான தாயி நின்னுச்சு. அவுக அப்பன்கூட லாரில ஏறியிருக்கும். பதறாத.”

கணவருக்குப் போன் போட்டேன். “ஏங்க, பாப்பா உங்ககூட இருக்காளா?”

“இல்லையே. என்னாச்சு புள்ள?”

“பாப்பாவக் காணோம்ங்க.”

அண்ணன் ஃப்ரீசரைத் திறந்து தலையை நீட்டிக் கூப்பிட்டார். உள்ளே வெள்ளைப் புகை. காற்றாடிகளின் இரைச்சலில் அவர் குரலே எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. “உள்ள இல்ல தாயி” என்று சாத்தினார். நானும் நம்பினேன். ஏனென்றால் கிடங்குக்குப் பின்னால் வாய்க்கால் ஓடுகிறது. மலையில் பெய்த தண்ணீரெல்லாம் அதில் செக்கச்செவேலென்று இறங்கிக்கொண்டிருந்தது. பக்கத்துப் பட்டறை ஆட்கள் நீளமான கம்புகளை எடுத்துக்கொண்டு கரையோரம் ஓடினார்கள். அந்தக் கம்புகளைப் பார்த்ததும் ஃப்ரீசர் கதவருகே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

மீன் தொட்ட கையோடு சாமி கும்பிடக் கூடாது என்பது எங்கள் வீட்டுப் பழக்கம். தலைக்கு ஊற்றிய பிறகுதான் விளக்கு, திருநீறு எல்லாம். தினமும் மாரியம்மன் கோயிலைத் தாண்டித்தான் வீட்டுக்குப் போவேன். உள்ளே எட்டிப் பார்த்ததில்லை. அந்த நேரத்திலும், கையைக் கழுவிவிட்டு வந்து கூப்பிடலாமா, குற்றமாகிவிடுமா என்று ஒரு நினைப்பு ஓடியது. அப்புறம் எதுவும் ஓடவில்லை. தரையில் அடித்துக் கத்தினேன்.

“ஆத்தா, என் புள்ளயக் குடு. வேற ஒண்ணும் கேக்க மாட்டேன். புள்ளயக் குடு.”

கரண்டு போனது.

விளக்குகள் அணைந்தன. காற்றாடிகள் சுற்றி அடங்கின. மழையும் சற்று ஓய்ந்திருந்தது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அந்தக் கட்டடத்தில் அப்படியொரு நிசப்தத்தை நான் அறிந்ததில்லை. கதவின் அடியில், ரப்பர் கிழிந்து குளிர் கசியும் இடத்திலிருந்து, மெல்ல ஒரு முனகல் வந்தது.

முருகேசன் அண்ணன் பழக்கத்தில் ஜெனரேட்டரைப் போட ஓடினார்.

“அண்ணே, போடாதீக.”

“மீனு உருகிரும் தாயி.”

“உருகட்டும்ணே. பாப்பா உள்ளதான் இருக்கா.”

செல்போன் வெளிச்சத்தில் உள்ளே போனோம். சூரைப் பெட்டிகளுக்குப் பின்னால், மூலையில் குந்தியிருந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. அழக்கூடத் தெம்பில்லை. “அப்பாவத் தேடுனேன்” என்றாள். அவ்வளவுதான். அண்ணன் சட்டையைக் கழற்றி பாப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். கணவர் அங்கே நனைந்தபடி வந்து, அவள் பாதங்களைக் கையில் பொத்திக்கொண்டு உட்கார்ந்தார். டாக்டரம்மா, “இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா” என்று ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். சாயங்காலம் பாப்பா பால் கேட்டாள்.

அவள் உள்ளே போன பின் கதவைச் சாத்தியது யார் என்று தெரியவில்லை. நானாகவும் இருக்கலாம்.

மழைக்குக் கரண்டு போவது சாதாரணம் என்று நீங்கள் சொல்லலாம். நானும் அப்படி யோசித்துப் பார்த்தேன். ஆனால் மீன் கெட்டுவிடக் கூடாதே என்று, தினமும் காலையில் குளித்து விளக்கேற்றி நான் கேட்பது ஒன்றுதான்: இன்று கரண்டு போகக் கூடாது. அந்த வேண்டுதலை அன்று ஆத்தா தள்ளிவிட்டாள். அதனால் என் பிள்ளை என் மடியில் இருக்கிறாள்.

மறுநாள் வேலை முடிந்து நேராகக் கோயிலுக்குப் போய் வாசலில் நின்றேன். பூசாரி பார்த்துவிட்டார்.

“ஏன் தாயி வெளிய நிக்கிற?”

“கையில மீன் வாடைங்கய்யா.”

“கெடா வெட்டு வாங்குறவளுக்கு மீன் வாடையா பெருசு? உள்ள வா.”

போனேன். அன்றிலிருந்து தினமும் போகிறேன். கிடங்கில் இப்போது உள்ளே போய் மூலை முடுக்கெல்லாம் பார்க்காமல் யாரும் கதவைச் சாத்துவதில்லை. பாப்பா அங்கன்வாடி இல்லாத நாட்களில் நாத்தனார் வீட்டில் இருக்கிறாள். அப்படியும் வேலை நடுவே போன் போட்டு அவள் குரலைக் கேட்டுக்கொள்கிறேன். பயம் முழுதாகப் போகவில்லை. ஆனால் பயத்தோடு போய் நிற்க எனக்கு ஓர் இடம் இருக்கிறது.

என்னைப் போன்ற அம்மாமார்களுக்குச் சொல்கிறேன். குளித்துவிட்டு, மனதைச் சரிசெய்துகொண்டு, பிறகு கேட்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். நிற்கிற இடத்திலிருந்தே கூப்பிடுங்கள். கூப்பிட்ட பிறகு, சத்தம் அடங்கும்போது, கொஞ்சம் காதுகொடுங்கள்.