கணினியில் ஜூன், ஆஸ்பத்திரியில் மார்ச்

மலேசியாவில், பாயான் பாரு தொழிற்சாலை அலுவலகத்தில் எனக்குப் புது மடிக்கணினி கொடுத்தார்கள். அதிலிருந்த ஆபீஸ் மென்பொருள் அமெரிக்க ஆங்கிலத்தில் வந்திருந்தது. நான் தட்டும் ஆங்கிலத்துக்கெல்லாம் அடியில் சிவப்புக் கோடு. எரிச்சல் தாங்காமல் ஐடி பிரிவைக் கூப்பிட்டேன். அங்கிருந்தவர் தன் இடத்திலிருந்தே மொழியை மலேசிய ஆங்கிலத்துக்கு மாற்றினார். கோடுகள் மறைந்தன. "செட்டில் அண்ணே, இனிமே பிரச்சினை இல்ல லா" என்றார்.

அவர் மாற்றியது மொழியை மட்டும். தேதி இன்னும் அமெரிக்காவில்தான் குந்தியிருந்தது, மாதம் முன்னால், நாள் பின்னால் என்று. எனக்கு அது எப்படித் தெரியும்?

அந்த வாரம்தான் விடுப்பு கேட்டேன். என் மனைவியின் மார்பில் இருந்த கட்டியிலிருந்து சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். மார்ச் ஆறாம் தேதி முடிவு. "டாக்டர் சொல்றப்ப நீங்க பக்கத்துல இருக்கணும்" என்றாள். வேறெதுவும் அவள் கேட்கவில்லை. விடுப்பு அட்டவணையில் 06/03 என்று தட்டினேன். கணினி அதை ஜூன் மூன்று என்று எடுத்துக்கொண்டது. என் திரையில் நான் தட்டியது மாதிரியேதான் தெரிந்தது. ஒப்புதலும் வந்தது.

ஐந்தாம் தேதி மாலை மேலாளர், "நாளைக்கு ஆடிட், சீக்கிரம் வந்துடுங்க" என்றார்.

"நாளைக்கு நான் லீவு பாஸ்."

தன் திரையைத் திருப்பிக் காட்டினார். ஜூன் மூன்று. விளக்கினேன், கெஞ்சினேன்.

"சிஸ்டத்துல இல்லயே, நான் என்ன செய்ய? வரலன்னா, கான்ட்ராக்ட் முடியிறப்ப உங்களுக்காக நான் பேச முடியாது லா."

வேலை போனால் கம்பெனி கொடுத்த மருத்துவ அட்டையும் போகும். வீட்டில் சொன்னதும் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "போங்க. அந்தக் கார்டு இப்ப நமக்கு வேணும்" என்றாள்.

மறுநாள் காலை ஐடிக்காரர் வந்து தேதியையும் மாற்றினார். என் தேத்தாரே டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. இவ்வளவுதானா வேலை? ஆடிட்காரர்களுக்குக் கோப்பு எடுத்துக் கொடுத்தபடி போனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மதியம் அழைத்தாள். என்ன சொன்னார்கள் என்று கேட்டேன்.

"டாக்டர் மொதல்ல, கூட யாராச்சும் வந்திருக்காங்களான்னு கேட்டாங்க. இல்லன்னேன். கதவைச் சாத்திட்டு வந்து என் கையைப் பிடிச்சிக்கிட்டாங்க" என்றாள்.